தோலில் இறங்கிய படை

அரிப்பு அதிகம் இல்லை, வலி அறவே இல்லை. இடுப்புக்குக் கீழே, வேட்டியோ புடவையோ எப்போதும் மறைத்திருக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. லேசாகச் செதில் உதிர்கிறது. மருந்துக்கடைக்காரர் படர்தாமரை என்று சொல்லி ஒரு டியூபை எடுத்துக் கொடுப்பார். பூசினால் மங்கும், விட்டால் திரும்ப வரும். அடுத்துப் பார்க்கிற மருத்துவர் கரப்பான் என்பார். அதற்கும் அடுத்தவர் காளாஞ்சகப்படையோ என்று சந்தேகப்படுவார். இவர்களில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இப்படி வருகிற திட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அவர்கள் சொன்னவையாகத்தான் இருக்கும். எப்போதோ ஒன்றில் மட்டும், அந்தத் திட்டுக்குள் இருப்பது புற்றுநோய். அதுவும் தோல் செல்களின் புற்று அல்ல. நிணநீர் மண்டலத்தைச் சேர்ந்த வெள்ளணுக்களின் புற்று.

தோல் லிம்போமா அரிய நோய். அமெரிக்காவில் 1973 முதல் 2002 வரையிலான புற்றுநோய்ப் பதிவேடுகளை அலசியபோது, இதன் பெரும்பிரிவான டி-செல் வகை ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஆறேழு பேருக்கு வருவதாகத் தெரிந்தது. அந்த வகையில் அதிகம் காணப்படுவது மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஒரு பதிவேடு 2018இல் ஒரு கணக்கைச் சொன்னது: ஆரம்ப நிலை நோயாளிகளுக்கு முதல் திட்டு தோன்றியதிலிருந்து நோயின் பெயர் தெரியவர எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 36 மாதங்கள். அதாவது பாதிப் பேர் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் வேறு ஏதோ நோய்க்கு மருந்து பூசிக்கொண்டிருந்தார்கள். தோல் நோயில் தேர்ந்த மருத்துவர்கள் இருக்கும் ஐரோப்பிய நகரங்களிலேயே இந்த நிலைமை.

இந்த நோயில் மருத்துவர் இரண்டு முறை பொறுமை காட்ட வேண்டியிருக்கிறது. பெயர் வைப்பதற்கு முன் ஒருமுறை, பெயர் வைத்த பின் ஒருமுறை. இரண்டாவதுதான் கடினம் என்பது என் எண்ணம். புற்று என்று தெரிந்த பிறகும் கையை அடக்கிக்கொள்வது லேசான காரியமா?

வெள்ளணுக்களுக்குத் தோலில் என்ன வேலை என்று கேட்கலாம். டி-செல்கள் ரத்தத்திலும் நிணக்கணுக்களிலும் இருப்பவை என்றுதான் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2006இல் பாஸ்டன் நகரில் ரேச்சல் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் நலமான மனிதத் தோலை எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒருவருடைய தோல் முழுவதிலும் சுமார் 2,000 கோடி டி-செல்கள் இருக்கும் என்று கணக்கு வந்தது. ரத்தத்தில் சுற்றுவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. இவை வந்துபோகிறவை அல்ல. முன்பு ஒருமுறை ஒரு கிருமியைச் சந்தித்து, அதை நினைவில் வைத்துக்கொண்டு, அங்கேயே குடியிருப்பவை. அடுத்த முறை அதே கிருமி வந்தால் நிணக்கணுவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்தக் குடியிருப்பாளர்களில் ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குவதுதான் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். நெடுநாள் தோலிலேயே அது தங்கிவிடுவதற்கும், அதன் போக்கு மெதுவாக இருப்பதற்கும் காரணம் இந்தப் பிறப்பிடத்தில் இருக்கிறது. ஏன் பெருகத் தொடங்குகிறது என்பதற்கு இன்னும் உறுதியான விடை கிடைக்கவில்லை. 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வகம் மனிதரைத் தாக்கும் முதல் ரெட்ரோவைரஸைப் பிரித்தெடுத்தது, தோல் டி-செல் லிம்போமா என்று கருதப்பட்ட ஒரு நோயாளியின் செல்களிலிருந்துதான். விடை கிடைத்துவிட்டது என்று சில காலம் உற்சாகம் இருந்தது. பிறகு பார்த்தால், ஜப்பானின் தென்பகுதியில் அதிகமாகக் காணப்படும் வேறொரு டி-செல் ரத்தப்புற்றுக்கே அந்த வைரஸ் காரணம். மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸுக்கு அல்ல. இது தொற்றாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதாகவும் அஞ்ச வேண்டியதில்லை. தோலில் எது வந்தாலும் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துவைக்கிற வீடுகள் நம்மிடையே இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோயின் முதல் விவரிப்பு பாரிஸ் நகரத்து சான் லூயி மருத்துவமனையிலிருந்து வந்தது. கொள்ளைநோய்க்காரர்களை ஊருக்கு வெளியே வைப்பதற்காகப் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மருத்துவமனை அது; இருநூறு ஆண்டுகள் கழித்து உலகத் தோல் மருத்துவத்தின் தலைநகரானது. அங்கே ழான்-லூயி அலிபெர் மரத்தடியில் நின்று பாடம் நடத்துவார். மாணவர்களோடு ஊர்க்காரர்களும் கூடி நின்று கேட்பார்கள். 1806இல் உடலெங்கும் காளான் முளைத்ததுபோல் கட்டிகள் எழுந்த ஒருவரைப் பற்றி அவர் எழுதினார். முதலில் வெப்பநாடுகளின் தொற்றுநோயான யாஸ் என்ற புண்நோயோடு அதைச் சேர்த்துவைத்தார். 1832இல் காளானைக் குறிக்கும் இன்றைய பெயரைச் சூட்டினார். காளானுக்கும் பூஞ்சைக்கும் இந்த நோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கண்ணுக்குப் பட்ட உருவம் பெயராகிவிட்டது.

அலிபெர் பார்த்தது நோயின் கடைசிக் கட்டத்தை. அதே மருத்துவமனையில் அவருக்குப் பின் வந்த பாஸான்தான், 1870களில், கட்டி என்பது ஒரு நீண்ட கதையின் முடிவு என்று காட்டினார். முதலில் தட்டையான திட்டு, பிறகு தடித்த படை, கடைசியில் கட்டி. இன்றும் மருத்துவ மாணவர்கள் இந்த வரிசையைத்தான் படிக்கிறார்கள். ஆனால் எல்லோரும் இந்த மூன்று படிகளையும் ஏறுவதில்லை. திட்டு நிலையிலேயே முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, வேறு காரணத்தால் முதுமையில் இறப்பவர்கள் உண்டு.

1938இல் இன்னொரு முகம் தெரிந்தது. உடல் முழுக்கத் தோல் சிவந்து, அரிப்பு தாங்காமல் தவித்த நோயாளிகளின் தோலிலும் ரத்தத்திலும் விசித்திரமான பெரிய செல்களை ஆல்பர் செசாரி கண்டார். ராட்சசச் செல்கள் என்றே தன் கட்டுரைத் தலைப்பில் எழுதினார். 1968இல் மார்வின் லுட்ஸ்னர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அவற்றின் உட்கரு மூளையின் மேற்பரப்பைப் போல மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. காளான் கட்டிக்காரர்களின் தோலிலும் அதே மடிப்புச் செல்கள். இரண்டும் டி-செல்களின் நோய் என்பது உறுதியாகி, 1970களின் நடுவில்தான் தோல் டி-செல் லிம்போமா என்ற பொதுப்பெயர் வந்தது. அலிபெர் முதல் அதுவரை கிட்டத்தட்ட 170 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்று இவ்வளவும் தெரிந்திருந்தும் நோயைக் கண்டுபிடிக்க மூன்றாண்டு ஆவது ஏன்? ஆரம்பத் திட்டில் புற்றுச் செல்கள் மிகச் சில. அவற்றைச் சுற்றி, அவற்றை எதிர்க்க வந்த நல்ல டி-செல்கள் ஏராளம். வெளியே தெரிவது பெரும்பாலும் அந்த எதிர்ப்பின் அழற்சி. ஆகவே திட்டு கரப்பானைப் போலத் தெரிவதில் வியப்பில்லை. ஒருவகையில் அது அழற்சியேதான். போதாததற்கு, கரப்பானுக்குத் தருகிற ஸ்டீராய்டு களிம்பு இதையும் அடக்குகிறது. மருந்து வேலை செய்கிறது, எனவே நோயும் அதுதான் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

அனுபவமுள்ள தோல் மருத்துவர் சில தடயங்களைத் தேடுவார். வெயில் படாத இடங்களா? பிட்டம், இடுப்பு, தொடையின் உட்புறம், மார்பகம், அக்குள். சூரியனின் புற ஊதாக் கதிர் இந்தச் செல்களை அடக்கிவைப்பதால் மூடிய இடங்களில்தான் நோய் தலைதூக்குகிறது. திட்டுகள் அளவிலும் வடிவத்திலும் நிறத்திலும் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றனவா? சில இடங்களில் தோல் மெலிந்து சுருங்கிய தாள்போல் இருக்கிறதா? ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றனவா? சட்டையை மட்டும் கழற்றச் சொல்லிப் பார்த்தால் இந்த நோய் பிடிபடாது. கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில், கூச்சப்படும் நோயாளியை மறைவாக நிறுத்தி உச்சி முதல் பாதம் வரை பார்க்க எத்தனை மருத்துவருக்கு நேரம் கிடைக்கும்?

நம் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பியப் புத்தகங்களில் இருக்கும் இளஞ்சிவப்புத் திட்டு கறுத்த தோலில் இளஞ்சிவப்பாகத் தெரியாது. பழுப்பாகவோ ஊதா கலந்த சாம்பலாகவோ தெரியும். அதைவிட முக்கியமாக, வெளிறிய திட்டாகவே வரும் ஒரு வகை இருக்கிறது. கறுத்த தோலினரிடமும், குறிப்பாகச் சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும், இது அதிகம். இங்கே பெரும்பாலும் சிடி8 என்ற அடையாளம் தாங்கிய டி-செல்கள் நிறமிச் செல்களின் வேலையைக் கெடுப்பதால் நிறம் மங்குகிறது. பார்ப்பவர்களுக்கு அது தேமல். அல்லது வெண்புள்ளி. அல்லது, நம் நாட்டில் எந்த வெளிறிய திட்டைப் பார்த்தாலும் முதலில் எழ வேண்டிய சந்தேகமான தொழுநோய். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும். பஞ்சால் தொட்டால் தெரியாது. அருகிலுள்ள நரம்பு தடித்திருக்கலாம். லிம்போமாத் திட்டில் உணர்ச்சி அப்படியே இருக்கும். வெண்புள்ளி பால்வெள்ளையாக, தெளிந்த விளிம்போடு இருக்கும். இது முழுக்க வெளுக்காது, விளிம்பும் மங்கலாக இருக்கும். ஆறுதலான செய்தி: இந்த வெளிறிய வகை பெரும்பாலும் சாதுவானது. ஒளிச் சிகிச்சைக்கு நன்றாகப் பணியும், தோலின் நிறமும் திரும்பும்.

சந்தேகம் வந்தபின் செய்ய வேண்டியது பயாப்ஸி. மரத்துப்போகும் ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுத்து, ஓரிரு தையல் போடுவார்கள். வேலை சின்னது, தயாரிப்புதான் முக்கியம். பூசிவந்த ஸ்டீராய்டு களிம்பை இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தேடுகிற செல்கள் ஒளிந்துகொள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் எடுப்பது நல்லது. முதல் பயாப்ஸியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் விவகாரம் முடிந்தது என்று பொருளல்ல. சில மாதங்கள் விட்டு மறுபடியும் எடுக்க வேண்டிவரும். இதைக் கேட்டு நோயாளிகள் எரிச்சலடைவது இயல்பு. முதல் மருத்துவருக்குத் தொழில் தெரியவில்லை என்று ஆஸ்பத்திரி மாற்றுவார்கள். புதிய இடத்தில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஸ்லைடை நோக்கும் நோய்க்குறியியல் வல்லுநருக்கும் இது சோதனைதான். கரப்பானிலும் டி-செல்கள் மேல்தோலுக்குள் ஏறும், ஆனால் அவற்றோடு நீரும் ஊறி மேல்தோல் உப்பும். லிம்போமாவில் நீர்க்கோப்பு அவ்வளவாக இல்லாமல் செல்கள் மட்டும் ஏறி, மேல்தோலின் அடிவரிசையில் சரம் கட்டி நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வெண்வளையம் தெரியும். சில இடங்களில் கூட்டமாகத் திரண்டு பொட்டலம் கட்டியிருக்கும். பொட்டலம் தெரிந்தால் ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். ஆரம்ப நிலையில் பலருக்கு அது இருப்பதில்லை.

அடுத்து நிறமூட்டும் சோதனைகள். இயல்பான டி-செல்லின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய சிடி7 போன்ற அடையாளங்கள் காணாமல் போயிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதற்கும் அடுத்து மரபணுச் சோதனை. ஒவ்வொரு டி-செல்லும் பிறக்கும்போது தன் ஏற்பி மரபணுவை வெட்டி ஒட்டித் தனக்கென ஒன்றை அமைத்துக்கொள்கிறது. ஆதார் எண்போல ஒன்றுக்கு இருப்பது மற்றொன்றுக்கு இருக்காது. அழற்சியில் பல எண்கள் கலந்து கிடக்கும். புற்றில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். உடலின் இரண்டு வெவ்வேறு இடத்துத் திட்டுகளில் அதே எண் கிடைத்தால் சந்தேகம் வலுக்கிறது. இதுவும் கைவிடுகிற நேரம் உண்டு. சாதாரண அழற்சியில் சில சமயம் ஒரே எண் மேலோங்கும். ஆரம்ப லிம்போமாவில் அது அகப்படாமலும் போகும்.

ஆக, எந்த ஒற்றைச் சோதனையும் தீர்ப்புச் சொல்வதில்லை. 2005இல் இத்துறையின் பன்னாட்டு வல்லுநர்கள், திட்டின் தோற்றம், நுண்ணோக்கிக் காட்சி, செல் அடையாளம், மரபணு ஆகிய நான்குக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையை முன்வைத்தார்கள். அறிக்கையில் 'லிம்போமாவாக இருக்கலாம், உறுதியில்லை, தொடர்ந்து கவனிக்கவும்' என்று இருந்தால் அதை நேர்மையான அறிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே மருந்துக்கடைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் நகர முடியாது. ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் பாக்டீரியாக்கொல்லியும் ஒரே டியூபில் கலந்த களிம்புகள் நம் நாட்டில் சகஜம். எந்தப் படைக்கும் அதுவே மருந்து. 2018இல் ஒன்றிய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. இந்தக் களிம்புகள் படர்தாமரையை உருத் தெரியாமல் சிதைப்பதை எல்லாத் தோல் மருத்துவரும் தினமும் பார்க்கிறார்கள். லிம்போமாவையும் அவை அதே போல மறைக்கின்றன என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதிய மருந்துகளும் விதிவிலக்கல்ல. கரப்பானுக்காகச் சில ஆண்டுகளாகத் தரப்படும் டூபிலுமாப் ஊசியைப் போட்டபின் சிலருக்கு நோய் வேகமாகப் பரவ, அது முதலிலிருந்தே லிம்போமாவாக இருந்திருக்கலாம் என்று தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகக் கரப்பான் வந்தால், அந்த ஊசிக்கு முன் ஒரு பயாப்ஸி எடுத்துவிடலாம்.

நோய் உறுதியானதும் அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அளப்பார்கள். அளவுகோல் நோயாளியின் கையிலேயே இருக்கிறது: விரல்களோடு சேர்ந்த அவருடைய உள்ளங்கை, உடல்பரப்பில் சுமார் 1 சதவீதம். பத்து உள்ளங்கைக்குக் குறைந்த திட்டுகள் என்றால் முதல் நிலையின் முதல் படி. அதற்கு மேல் என்றால் அடுத்த படி. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பருமனுள்ள கட்டி எழுந்தால் நிலைமை மாறுகிறது. 80 சதவீதத்துக்கு மேல் தோல் சிவந்தால் இன்னும் மாறுகிறது. நெறி கட்டியிருக்கிறதா, ரத்தத்தில் செசாரி செல்கள் இருக்கின்றனவா என்பதும் கணக்கில் சேரும். சில திட்டுகள் மட்டும் உள்ளவருக்கு எலும்பு மஜ்ஜைச் சோதனை தேவையில்லை. ஸ்கேன்களும் பெரும்பாலும் வேண்டாம். பயத்தின் பேரில் செய்யப்படும் சோதனைகள் பயத்தைக் குறைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கிலாந்தில் 1,502 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியான ஆய்வு இந்த அளவைகளின் எடையைக் காட்டுகிறது. முதல் படியில் இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். கட்டி நிலையில் அது 47 சதவீதம். உள்ளுறுப்புகளுக்குப் பரவியவர்களில் 18. ஒரே பெயரைத் தாங்கிய நோய் ஒருவருக்கு நாள்பட்ட தோல் தொந்தரவாகவும் இன்னொருவருக்கு உயிர்க்கொல்லியாகவும் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நீண்டகாலப் பதிவுகளில், முதல் படியினரின் ஆயுள் அதே வயதுடைய மற்றவர்களின் ஆயுளிலிருந்து மாறுபடவில்லை.

அப்படியானால் என்ன சிகிச்சை? 1980கள் வரை ஒரு வாதம் பலமாக இருந்தது. புற்று என்றால் ஆரம்பத்திலேயே முழு பலத்தோடு அடித்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் அது வளரும். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தினர் அதைச் சோதித்தார்கள். 103 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடல் முழுவதும் எலக்ட்ரான் கதிர்வீச்சும் நான்கு மருந்துகள் சேர்ந்த கீமோதெரபியும். மற்றதற்குப் பூச்சு மருந்தில் தொடங்கி, தேவைக்கேற்பப் படிப்படியாக ஏற்றும் சிகிச்சை. 1989இல் முடிவுகள் வெளியாயின. பலத்த சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக மறைந்தது. மென்மையான சிகிச்சையில் 18 சதவீதம். முதல் வாதம் வென்றதாகத்தானே தோன்றுகிறது? ஆறு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தபோது, நோயின்றி இருந்த காலத்திலோ ஆயுளிலோ இரு பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. மறைந்த நோய் திரும்பி வந்திருந்தது. பக்கவிளைவுகளை மட்டும் ஒரு பிரிவினர் கூடுதலாக அனுபவித்திருந்தார்கள்.

இந்த நோயின் மருத்துவத்தில் இதைவிடப் பெரிய பாடம் எதுவும் இல்லை என்பேன். ஆரம்ப நிலையில் குறி, தோலை அமைதியாக வைத்திருப்பது. முற்றாக ஒழிப்பது குறி அல்ல. வீட்டாருக்கு இதைப் புரியவைப்பது தனிப் பாடு. புற்று என்று சொன்னால், 'ஏன் கீமோ கொடுக்கவில்லை' என்று சண்டைக்கு வருவார்கள். சொல்லாமல் விட்டால் களிம்பை நான்கே வாரத்தில் நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே பேசத் தெரிந்த மருத்துவர் கிடைத்தால் நோயாளி பாக்கியசாலி.

தோலோடு நிற்கும் நோய்க்குத் தோலோடு நிற்கும் மருந்துகள். முதலில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. இவ்வளவு நேரம் திட்டிய அதே பொருள்தான். நோயின் பெயர் தெரிந்து, அளவறிந்து பூசினால் அதுவே நல்ல மருந்து. அடுத்தது மஸ்டர்டு, முதல் உலகப்போரின் விஷவாயுவின் நெருங்கிய உறவு. 1942இல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மனும் கில்மனும் நைட்ரஜன் மஸ்டர்டை லிம்போமா நோயாளி ஒருவருக்கு ஊசிவழி செலுத்திக் கட்டிகள் கரைவதைக் கண்டார்கள்; போர் ரகசியம் என்பதால் 1946வரை வெளியிட முடியவில்லை. இடையில் 1943 டிசம்பரில் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் குண்டுவீச்சுக்கு ஆளான ஒரு அமெரிக்கக் கப்பலிலிருந்து மஸ்டர்டு கசிந்து, பாதிக்கப்பட்டவர்களின் வெள்ளணுக்கள் சரிந்ததை ராணுவ மருத்துவர்கள் குறித்துவைத்தார்கள். உலகின் முதல் கீமோதெரபி மருந்து இப்படித்தான் பிறந்தது. 1950களின் இறுதியில் அதைத் தோலின் மேலே பூசிப் பார்த்தார்கள். ரத்தத்தில் பெரிதாகக் கலக்காமல் திட்டை மட்டும் அது அடக்கியது. 2013இல் ஜெல் வடிவில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோல் எரிச்சலும் ஒவ்வாமையும் இதன் தொல்லைகள்.

ஒளிச் சிகிச்சையின் கதையில் நம் ஊர் விதை ஒன்று வருகிறது. நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் கார்போகரிசி, வெண்புள்ளிக்கும் பிற தோல் நோய்களுக்கும் சித்த, ஆயுர்வேத மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்தது. அதில் இருக்கும் சொராலென் என்ற பொருள் வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும். எகிப்தில் நைல் கரையோரம் விளையும் வேறொரு செடியிலும் அதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. 1940களின் இறுதியில் கெய்ரோவின் எல் மொஃப்டி அவற்றைப் பிரித்தெடுத்த வடிவில் வெண்புள்ளிக்குக் கொடுத்து வெயிலில் நிறுத்தினார். 1974இல் அமெரிக்கர்கள் வெயிலுக்குப் பதிலாக யூவிஏ விளக்குகளைச் சேர்த்துக் காளாஞ்சகப்படைக்குத் தந்தார்கள். 1976இல் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸுக்கும் அது பலித்தது. மாத்திரையாக விழுங்கிய சொராலென் செல்லின் டிஎன்ஏ இழைகளுக்கு நடுவே போய் உட்காரும். யூவிஏ பட்டதும் இரண்டு இழைகளையும் பூட்டுப் போட்டு இணைத்துவிடும். பெருகத் துடிக்கும் செல் அத்தோடு மடியும். கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளம்தான் மிஞ்சும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது மெல்லிய திட்டுகளுக்கு அதிகம் பயன்படுவது மாத்திரை வேண்டாத குறும்பட்டை யூவிபி, 311 நானோமீட்டர் அலைநீளம். வெண்புள்ளிக்கும் காளாஞ்சகப்படைக்கும் தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் அதே விளக்குக் கூண்டுதான். வாரத்துக்கு மூன்று முறை, சில நிமிடங்கள். இந்தக் கதிர் மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது. ஆரம்ப நிலைப் புற்றுச் செல்களும் அந்த ஆழத்தில்தான் குந்தியிருக்கின்றன. படை தடித்தால் யூவிபி எட்டாது, யூவிஏ வேண்டும். இன்னும் தடித்தால், பரவினால், எலக்ட்ரான்கள். 1950களிலிருந்து வளர்ந்த இந்த முறையில் நோயாளி கருவிக்குச் சில மீட்டர் தள்ளி வெவ்வேறு கோணங்களில் நிற்பார். எலக்ட்ரான்கள் தோலோடு நின்றுவிடுவதால் உள்ளுறுப்புகள் தப்பும். முடியும் நகமும் உதிரலாம், வியர்வை நிற்கலாம். முன்பு 36 கிரே கொடுத்தார்கள். இப்போது 12 கிரே கொடுத்து, திரும்பி வந்தால் இன்னொரு முறை கொடுப்பதையே பலர் விரும்புகிறார்கள்.

நோய் முற்றியவர்களுக்கு, செசாரி வகையினருக்கு, கதை வேறு. அரிப்பில் தூக்கம் போய்விடும். கிழிந்த தோல் வழியே ஸ்டஃபிலோகாக்கஸ் நுழையும். இவர்களில் பலர் இறப்பது தொற்றால். அந்தக் கிருமியின் நச்சுகள் புற்றுச் செல்களையே தூண்டிவிடுகின்றன என்று டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2019இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஆன்டிபயாட்டிக் கொடுத்த சிலருக்கு லிம்போமாவே தணிந்தது.

1987இல் ரிச்சர்ட் எடெல்சன் வெளியிட்ட முறை இன்றும் எனக்கு வியப்பளிப்பது. ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளணுக்களைப் பிரித்து, சொராலென் கலந்து, யூவிஏ காட்டி, திரும்ப உடலுக்குள்ளேயே விடுவது. 37 பேரில் 27 பேருக்குப் பலன் இருந்தது. ஒளி படுவது மொத்த வெள்ளணுக்களில் சிறு பங்கின் மீதுதான். ஆனால் மடிந்த செல்களைப் பார்த்து உடலின் எதிர்ப்பாற்றல் பாடம் கற்கிறது என்பது பொதுவான விளக்கம். 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வரும் சிக்கல்களுக்கும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

மருந்துகளும் வந்திருக்கின்றன. 1999இல் பெக்ஸாரோடின் மாத்திரை. கொழுப்பும் தைராய்டும் தடம்புரளும், கண்காணிக்க வேண்டும். 2006இல் வோரினோஸ்டாட். 2017இல் வெளியான ஆய்வில், சிடி30 அடையாளம் கொண்ட செல்களைத் தேடிப்போய் விஷம் இறக்கும் பிரென்டுக்சிமாப் நீடித்த பலனை 56 சதவீதம் பேருக்குத் தந்தது. பழைய மருந்துகளில் அது சுமார் 13. ஆனால் மூன்றில் இருவருக்குக் கைகால் நரம்பு மரத்தது. ஜப்பானில் உருவான மொகாமுலிசுமாப், 2018இல் வெளியான ஆய்வில், நோய் முற்றாமல் இருக்கும் காலத்தை வோரினோஸ்டாட்டின் 3.1 மாதத்திலிருந்து 7.7 மாதமாக உயர்த்தியது. அதன் பக்கவிளைவான தடிப்பு லிம்போமாவைப் போலவே தெரிந்து, மறுபடி பயாப்ஸி எடுக்கவைக்கும். இளையவர்களுக்கு, பொருத்தமான கொடையாளர் இருந்தால், ஸ்டெம்செல் மாற்றம். 2023இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் மாற்றம் பெற்றவர்களுக்கு நோய் அடங்கியிருந்த காலம் 9 மாதம், மற்றவர்களுக்கு 3. எண்கள் சிறியவைதான். பல மருந்துச் சேர்க்கையான பழைய கீமோதெரபிக்கு இந்தப் பட்டியலில் கடைசி இடம். அதன் பலன் சில மாதங்களில் கரைந்துவிடுகிறது.

தோல் லிம்போமாக்களில் ஏறக்குறைய கால் பங்கு பி-செல் வகை. பெரும்பாலானவை ஓரிரு கட்டிகளாக வந்து, சிறு கதிர்வீச்சில் போய்விடும். முதியவர்களின் காலில் வேகமாக வளரும் ஒரு வகை மட்டும் கொடியது. அதற்கு ஆரம்பத்திலேயே முழுச் சிகிச்சை தேவை. லிம்போமட்டாய்டு பாப்புலோசிஸ் என்று வாயில் நுழையாத பெயருள்ள இன்னொன்று, நுண்ணோக்கியில் பார்த்தால் குலைநடுங்கவைக்கும். நோயாளியிடமோ பருக்கள் வந்து தானாகவே ஆறிப்போகும். ஸ்லைடை மட்டும் பார்த்து, ஆளைப் பார்க்காமல் கீமோ தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே உதாரணம்.

வாசகர் செய்யக்கூடியவை சில. மூடிய இடங்களில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிற, பூசினால் மங்கி விட்டால் திரும்புகிற திட்டு இருந்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், தோல் மருத்துவரிடம் போங்கள். கூச்சப்படாமல் எல்லாத் திட்டுகளையும் காட்டுங்கள். இதுவரை பூசிய டியூப்களைத் தூக்கி எறியாமல் கொண்டுபோங்கள். செல்பேசியில் தேதியோடு படமெடுத்து வையுங்கள். குழந்தையின் தேமல் வருடக்கணக்கில் நின்றால் அதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரண்டாவது பயாப்ஸி வேண்டும் என்றால் மறுக்காதீர்கள். லிம்போமா என்று உறுதியானால், எந்த நிலை, ஏன் இந்தச் சிகிச்சை, இதைவிட மென்மையான வழி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். வேறு ஊர் மருத்துவமனைக்கு மாறும்போது அறிக்கையோடு ஸ்லைடையும், திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள்; புதிய இடத்தில் முதலில் தேவைப்படுவது அதுதான்.